சைலன்சரை மாற்றினால் காரின் குரல் மாறுமா? ஸ்போர்ட்ஸ் கார் எக்ஸாஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர் ஒருவர் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். 2016-இல் இந்தியாவுக்கு வந்த அதே 5 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8. வாங்கிய மூன்றாம் நாளே "சத்தம் பத்தலை" என்று ஆரம்பித்துவிட்டார். அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்தக் காரின் அடிவயிற்றை நாங்கள் நான்கு முறை பிரித்து மாட்டினோம். அதில் இரண்டு முறை தேவையே இல்லாதது. அந்தக் காலத்தில் நாங்கள் கேட்ட கேள்விகளும், பிறகு மற்றவர்கள் எங்களிடம் கேட்ட கேள்விகளும் இங்கே. உதாரணத்துக்குப் பெரும்பாலும் அந்த மஸ்டாங்தான் வரும்.

எக்ஸாஸ்ட் மாத்தினா என் கார் ஃபெராரி மாதிரி கத்துமா?

கத்தாது. நாதஸ்வரத்தில் சத்தம் பிறப்பது சீவாளியில். உலவு என்ற நீள்குழல் அதை வளர்த்து, வடித்து வெளியே அனுப்புகிறது. காரில் சீவாளி இருக்கும் இடம் இன்ஜின். எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறும் குழாய் வரிசை, வெறும் உலவு.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஆகவே 6500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6500 சுற்று) நாலு சிலிண்டர் இன்ஜின் வினாடிக்குச் சுமார் 217 முறை வெடிக்கும். அதே வேகத்தில் எட்டு சிலிண்டர் 433 முறை. நாம் கேட்கும் சுருதியின் அடிப்படை இதுதான். நாலு சிலிண்டர் கார் அந்தச் சுருதியைத் தொட வேண்டுமானால் 13,000 ஆர்பிஎம் சுற்ற வேண்டும். குழாயைப் பெரிதாக்கினால் சத்தம் கூடும், சுருதி ஏறாது.

எண்ணிக்கை மட்டும் போதாது, வரிசையும் முக்கியம். மஸ்டாங்கின் சிலிண்டர்கள் 1-5-4-8-6-3-7-2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. 1 முதல் 4 வரை ஒரு பக்கம், 5 முதல் 8 வரை மறுபக்கம். இப்போது ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள்: இரண்டு வெடிப்புக்கு இடையே 180 டிகிரி, அடுத்து 270, அடுத்து 180, கடைசியில் 90. தாளம் தப்பித் தப்பி விழுகிறது. அந்தத் தடுமாற்றம்தான் அமெரிக்க வி8-க்கே உரிய "குடுகுடு" உறுமல். ஃபெராரி வி8-இல் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) தட்டையானது. இரு பக்கமும் மாறி மாறி, ஒவ்வொரு பக்கத்திலும் 180 டிகிரிக்கு ஒன்று என்று ஒழுங்காக வெடிக்கும். அதனால் அது உறுமாது, கீச்சென்று ஏறும்.

சந்தேகம் இருந்தால் 2016 மாடலாக வந்த ஷெல்பி ஜிடி350-ஐக் கேளுங்கள். அதே மஸ்டாங் உடம்பு, ஆனால் 5.2 லிட்டர், தட்டைக் கிராங்க், 8250 ஆர்பிஎம் வரை சுற்றும். கண்ணை மூடிக் கேட்டால் மஸ்டாங் என்று சொல்லவே மாட்டீர்கள்.

இந்த விதிக்கு ஒரு அழகான விலக்கு உண்டு. சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் பழைய டர்போ இன்ஜின். அந்த "டுபு டுபு" சத்தம் பிறந்ததே குழாயில்தான். இன்ஜினிலிருந்து புகையை முதலில் வாங்கும் ஹெடர் குழாய்கள் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்ததால் வெடிப்புகள் முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்தன. சம நீள ஹெடர் போட்டவர்கள் அந்தச் சத்தத்தைப் பறிகொடுத்துவிட்டு, "காசு கொடுத்து ஊமையாக்கிட்டேன்" என்று புலம்பியதுண்டு.

அப்போ எதை மாத்தினா எது மாறும்?

இன்ஜினிலிருந்து பின்னோக்கி வருவோம்.

ஹெடர் அல்லது மேனிஃபோல்ட்: சத்தத்தின் கூர்மையும் தன்மையும் இங்கே மாறும். வேலை பெரிது, செலவும் பெரிது. சத்தத்துக்காக மட்டும் இதைத் தொடாதீர்கள்.

கேட்டலிடிக் கன்வெர்டர்: புகையிலுள்ள நச்சை முறிக்கும் பகுதி, சுருக்கமாகக் "கேட்". தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம், கீழே வருகிறது.

நடுக்குழாய்: வி8-இல் இரு பக்கக் குழாய்களும் சந்திக்கும் இடம். எச் வடிவில் ஒரு குறுக்குக் குழாய் போட்டால் பழைய உறுமல் அப்படியே நிற்கும். எக்ஸ் வடிவில் இரண்டையும் கலந்துவிட்டால் தாளத் தடுமாற்றம் கொஞ்சம் சமமாகி, சத்தம் மழமழவென்று மேலே ஏறும். நண்பருக்கு எக்ஸ் பிடித்தது, எனக்கு எச். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

ரெசனேட்டர்: நடுவில் இருக்கும் சிறிய டப்பா. "இது சும்மா இடத்தை அடைக்குது" என்று முதலில் வெட்டப்படுவது இதுதான். பிறகு அதிகம் வருந்தப்படுவதும் இதற்காகத்தான்.

சைலன்சர்: இதில் இரண்டு குலம். ஒன்று, உள்ளே அறை அறையாகத் தடுப்பு வைத்து, ஒலியை ஒலியோடு மோதவிட்டு அடக்குவது. இதன் சத்தம் கனமாக, தொண்டைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். மற்றொன்று, ஓட்டை போட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் அடைத்தது. கீச்சொலியை நன்றாக விழுங்கும், அடித்தொனியை விட்டுவிடும். அந்த நார் சில வருடங்களில் பொசுங்கிப் பறந்துவிடும். பிறகு சத்தம் தகர டப்பாவாகும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

டிப்: பின்னால் தெரியும் பளபளப்பு. கண்ணுக்கு அழகு. காதுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

எதுல ஆரம்பிக்கலாம்?

ஆக்ஸில்-பேக். அதாவது பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றுவது. சில போல்ட்டுகள், ஓரிரு மணி நேர வேலை. பிடிக்கவில்லை என்றால் பழையதை மாட்டிவிடலாம். கேட்-பேக் என்றால் கேட்டலிடிக் கன்வெர்டருக்குப் பின்னால் உள்ள எல்லாமே மாறும். நடுக்குழாயும் ரெசனேட்டரும் சேர்த்து.

எங்கள் அனுபவத்தில் நண்பர் தேடிய சத்தத்தில் முக்கால்வாசி ஆக்ஸில்-பேக்கிலேயே கிடைத்திருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பக்கத்தின் பாதி எழுத வேண்டியிருந்திருக்காது.

வாங்கும் முன் அதே காரில், அதே எக்ஸாஸ்டோடு, உள்ளே உட்கார்ந்து ஒரு இருபது கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். வீடியோவில் கேட்டு வாங்காதீர்கள். போன் மைக் அடித்தொனியைச் சரியாகப் பிடிக்காது, அதிகச் சத்தத்தைத் தானே அமுக்கிவிடும். வீடியோவில் எல்லா எக்ஸாஸ்டும் ஒன்றுபோல நன்றாகத்தான் இருக்கும்.

டிரோன், டிரோன்னு சொல்றாங்களே, அது என்ன?

இரண்டாவது முறை பிரித்தபோது ரெசனேட்டரை வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் பற்றவைத்தோம். வொர்க்‌ஷாப் வாசலில் ஆக்சிலரேட்டரை மிதித்தபோது ஆஹா என்று இருந்தது. அந்த வாரமே சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினோம். நண்பரின் அப்பா பின் சீட்டில். செங்கல்பட்டு தாண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஆறாவது கியரில் நிலைத்ததும், உறுமல் போய் ஒரே "ஊஊஊம்". காதில் அல்ல, நெஞ்சில் கேட்டது. ரேடியோ வைத்தும் பயனில்லை, பேச்சும் நடக்கவில்லை. திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தியபோது அப்பா இறங்கி, இரண்டு கையையும் காதில் வைத்து அழுத்திவிட்டு, "என்னடா, மாவு மில்லுக்குள்ள உக்காந்து வந்த மாதிரி இருக்கு" என்றார். திரும்பும்போது அவர் ரயிலில் வந்தார்.

அந்த "ஊஊஊம்"தான் டிரோன். நடந்தது இதுதான். அந்த வேகத்தில் இன்ஜின் 1800 ஆர்பிஎம் பக்கம் ஓடுகிறது. எட்டு சிலிண்டர் என்றால் வினாடிக்கு 120 வெடிப்பு, அதாவது 120 ஹெர்ட்ஸ். காரின் கேபினும் ஒரு பெட்டி. அதற்கும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சொந்தமாக அதிரும் சுருதி உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் கேபினே மிருதங்கமாகிவிடும். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இது தெரியாது, ஏனென்றால் முள் அந்த இடத்தைக் கணத்தில் தாண்டிவிடும். நெடுஞ்சாலையில்தான் அதே இடத்தில் மணிக்கணக்காக நிற்போம். கம்பெனி ஆட்கள் ரெசனேட்டர் வைத்தது இதற்காகவே.

டிரோன் வந்தாச்சு. சரி பண்ண முடியுமா?

முடியும், கொஞ்சம் கணக்குப் போட்டால். முக்கியக் குழாயிலிருந்து ஒரு கிளைக்குழாய் எடுத்து, அதன் மறுமுனையை அடைத்துவிட வேண்டும். வளைந்து ஜே எழுத்து போல இருப்பதால் ஜே-பைப் என்பார்கள். அதற்குள் நுழையும் ஒலி முட்டித் திரும்பி வரும்போது, எதிர்க் கட்டத்தில் வந்து புதிய அலையை அழிக்க வேண்டும். அதற்குக் கிளையின் நீளம் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தால் போதும்.

கோளாறு எங்கே வரும் என்றால், ஒலியின் வேகத்தில். வெளிக்காற்றில் வினாடிக்கு 350 மீட்டர் என்று பாடப்புத்தகக் கணக்கைப் போட்டால் தப்பாகிவிடும். உள்ளே வாயு 300 டிகிரி செல்சியஸில் இருந்தால் வேகம் சுமார் 480 மீட்டர். 480-ஐ 120-ஆல் வகுத்தால் 4 மீட்டர் அலைநீளம். நாலில் ஒரு பங்கு 1 மீட்டர். எங்கள் முதல் ஜே-பைப்பைக் குளிர்காற்றுக் கணக்கில் 73 சென்டிமீட்டருக்கு வெட்டினோம், டிரோன் அசையவில்லை. இரண்டாவதை ஒரு மீட்டருக்கு மேல் கொஞ்சம் விட்டு, ஓட்டிப் பார்த்து ஓட்டிப் பார்த்துக் குறைத்தோம். "ஊஊஊம்" போனது. அப்பா இன்னும் அந்தக் காரில் ஏறவில்லை, அது வேறு கதை.

இது ஒரு சுருதியை மட்டும் வெட்டும் கத்தி. பல வேகங்களில் டிரோன் இருந்தால் ரெசனேட்டரைத் திருப்பி மாட்டுவதுதான் வழி.

கேட்டைக் கழட்டிட்டா சத்தம் சூப்பரா இருக்குமாமே?

சத்தம் கூடும். கூடவே கரகரப்பும், மூக்கை அரிக்கும் பெட்ரோல் நாற்றமும், டாஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கும் வரும். அந்தத் தேன்கூடு போன்ற கல்லில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பது கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் முறிக்க. அதைக் கழற்றிவிட்டு சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டரில் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சட்டப்படி குற்றம். இதைப் பற்றி வேறு ஆலோசனை என்னிடம் இல்லை.

பவர் ஏறுமா?

டர்போ இல்லாத காரில் சைலன்சர் மாற்றத்தால் கிடைப்பது சில குதிரைத்திறன். ஏற்கெனவே சுமார் 400 இருக்கும் காரில் ஓட்டுபவருக்குத் தெரியாது. சத்தம் கூடியதால் வேகம் கூடியது போலத் தோன்றும், அவ்வளவே.

"பேக் பிரஷர் இருந்தாத்தான் டார்க் (இழுவிசை) வரும்" என்பது வொர்க்‌ஷாப்களில் தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. இன்ஜினுக்குப் பின்னழுத்தம் ஒருபோதும் நல்லதில்லை. தேவைப்படுவது வாயுவின் வேகம். இரண்டரை அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக்கினால் குறுக்குப் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. குறைந்த ஆர்பிஎம்மில் வாயு சோம்பிவிடும், அடுத்த வெடிப்பின் புகையை இழுத்துச் செல்லும் விசை குறையும். அதைத்தான் "பிரஷர் போச்சு" என்கிறார்கள். அறிகுறி சரி, காரணம் தப்பு.

என்னோடது டர்போ கார்...

டர்பைன் சக்கரம் வெடிப்புகளின் கூர்மையை வெட்டிவிடுவதால் டர்போ காரே பாதி சைலன்சர்தான். அதனால் பின்பக்கத்தைக் கொஞ்சம் திறந்தாலும் காது கிழியாது. ஆனால் குரலில் மெருகும் வராது. ஐரோப்பாவில் 2018-க்குப் பிறகு வந்த பல பெட்ரோல் கார்களில் துகள் வடிகட்டியும் சேர்ந்துகொண்டது, அவை இன்னும் மந்தம்.

ஆக்சிலரேட்டர் விட்டதும் பட்டாசு மாதிரி வெடிக்குதே, அது எப்படி?

இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி (ரீமேப்), ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் பெட்ரோல் பாயவிட்டு, ஸ்பார்க்கைத் தாமதமாகக் கொடுக்கிறார்கள். எரியாத கலவை வெளியே வந்து குழாயில் வெடிக்கிறது. அடி வாங்குவது கேட், எக்ஸாஸ்ட் வால்வு, டர்போ இருந்தால் டர்பைன். நல்ல இன்ஜின் தானாக இரண்டு மூன்று முறை "பட் பட்" என்றால் இனிமை. தீபாவளியை வருடம் முழுக்கக் கொண்டாடுவது வேறு.

உள்ளூரிலேயே செய்து வாங்கலாமா, இறக்குமதிதான் வேணுமா?

நல்ல ஆர்கான் வெல்டர் கிடைத்தால் உள்ளூரே போதும். ஆனால் மூன்றைக் கவனியுங்கள்.

முதலில் உலோகம். 304 ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி 202 மாட்டிவிடுவது சகஜம். வீட்டு கேட்டுக்கும் மாடிப்படி கைப்பிடிக்கும் போடுகிற சரக்கு அது. காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டிலும் காந்தம் ஒட்டாது. ஸ்டீல் கடைகளில் ஒரு சொட்டு ரசாயனம் விட்டு நிறம் பார்த்துச் சொல்வார்கள், அதைச் செய்யச் சொல்லுங்கள். கம்பெனி எக்ஸாஸ்டில் காந்தம் ஒட்டினால் பயப்படாதீர்கள். அது 409 ரகம், எக்ஸாஸ்டுக்கென்றே வருவது, மேலே கொஞ்சம் துரு பிடிக்கும், ஆனால் உழைக்கும்.

அடுத்து வளைவு. குழாய் வளையும் இடத்தில் நசுங்கியிருந்தால் மூன்று அங்குலம் அந்த இடத்தில் இரண்டரைதான். உள்ளே உருளை விட்டு வளைத்த பெண்டுகளை வாங்கி வெட்டிப் பற்றவைப்பதே முறை.

மூன்றாவது, யாரும் யோசிக்காதது: குழாய் வளரும். 304 குழாய் மூன்று மீட்டர் நீளம் இருந்து 300 டிகிரி சூடேறினால் ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். ரப்பர் ஹேங்கரும் ஃப்ளெக்ஸ் பைப்பும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். கம்பியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தால் ஒரு வருடத்தில் எங்காவது வெல்டிங் விடும். எங்களுக்கு விட்டது, நான்காவது முறை பிரித்தது அதற்குத்தான்.

காலையில ஸ்டார்ட் பண்ணினா தெருவே எழுந்துக்குது. என்ன செய்ய?

குளிர்ந்த இன்ஜின் முதல் ஒரு நிமிடம், கேட்டைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக வேண்டுமென்றே அதிக ஆர்பிஎம்மில், ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி ஓடும். உங்கள் தப்பில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரியாது.

இந்தத் தொல்லை ஃபோர்டுக்காரர்களுக்கே வந்தது. அந்நிறுவனத்தின் பொறியியல் உயரதிகாரி ஒருவர் டெட்ராய்ட் புறநகரில் தன் ஜிடி350-ஐ வீட்டிலிருந்து வெளியே எடுக்க, சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதிலிருந்து பிறந்த யோசனையில் 2018 மஸ்டாங் ஜிடி-க்கு எக்ஸாஸ்டுக்குள் வால்வு வைத்து, "நல்ல அண்டைவீட்டான்" என்ற செல்லப்பெயரோடு ஒரு மோட் கொடுத்தார்கள். ஸ்டார்ட் சத்தம் சுமார் 82 டெசிபலிலிருந்து 72-க்கு இறங்கியது. பத்து டெசிபல் என்றால் காதுக்குப் பாதிச் சத்தம். புதிதாக எக்ஸாஸ்ட் வாங்குபவர்கள் காசு கொஞ்சம் கூடப் போனாலும் வால்வு வைத்ததையே வாங்குங்கள்.

ரோட்டுல ஓட்டலாமா? போலீஸ் பிடிப்பாங்களா?

இந்தியாவில் நேர்மையான பதில்: கம்பெனி எக்ஸாஸ்டை விட்டு விலகினால் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்த, புகை வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸும் போகும். பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பாலும் புல்லட் சைலன்சர்கள், ஆனால் ரோலருக்குப் பேதம் தெரியாது.

வாரண்டி இருக்கும் கார் என்றால் அதையும் கணக்கில் வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் வழக்காகும்.

நண்பர் செய்வது இது: இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையத்திலோ டிராக் நாள் இருந்தால் புதிய செட்டை மாட்டிக்கொள்வார், வந்ததும் கழற்றிவிடுவார். ஆக்ஸில்-பேக் என்பதால் அது சாத்தியம்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. கேட்டைத் தொடாத வரை கேட்-பேக் மாற்றலாம். சத்த வரம்பு மாநிலத்துக்கு மாநிலம். கலிபோர்னியாவில் கார்களுக்கு 95 டெசிபல்.

இவ்வளவு தொல்லை எதுக்கு, ஸ்பீக்கர்ல வர வைக்க முடியாதா?

வைக்கிறார்கள். 2011-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கரில்தான் கூட்டிக் கொடுத்தது. டொயோட்டா 86-இல் இன்னும் நேர்மையான வழி: இன்டேக்கிலிருந்து ஒரு குழாயைக் கேபின் பக்கம் இழுத்து, உறிஞ்சும் சத்தத்தை உள்ளே விட்டார்கள். தெருவுக்குக் கேட்காது, ஓட்டுபவருக்குக் கேட்கும். எனக்கு இது பிடிக்கும். நண்பர் சிரிப்பார்.

பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுடலாமா?

ஐயோ, வேண்டாம். எஃப்.சி.க்குத் தேவைப்படும், விற்கும்போது வாங்குபவர் கேட்பார், புதியது உடைந்தால் அதுதான் கைகொடுக்கும். உள்ளே தேங்கிய தண்ணீரை நன்றாக வடித்து, இரண்டு முனையையும் துணியால் அடைத்து, சாக்கில் சுற்றி வையுங்கள். நண்பருடையது பெரிய உருப்படி, இரண்டு. வீட்டுப் பரணில் கொலுப்படிப் பலகைகளுக்கு முன்னால் கிடக்கிறது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் அதை இறக்கினால்தான் படிகளை இறக்க முடியும். போன வருடம் அவர் அம்மா, "அந்தக் காரைத்தான் வித்துத் தொலையேன், பலகையையாவது சுலபமா எடுக்கலாம்" என்றார்.